எங்கள் குளத்து உயிர்களைப் பதிய கையடக்க டி.என்.ஏ கருவி வாங்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஒட்டுசுட்டான்_ரீச்சர்:

வணக்கம் எல்லோருக்கும். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் கொஞ்சம் காசு சேர்த்து வைத்துக்கொண்டு, விஞ்ஞான கூடத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டு நுணுக்குக்காட்டி கேட்கலாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் நடந்த ஒரு விஷயம் யோசனையை மாற்றிவிட்டது.

எங்கள் குளத்தில் வலை போடும் ஐயா ஒருவர் காலையில் சைக்கிளில் ஒரு மீனைக் கொண்டுவந்து காட்டினார். முழங்கை நீளம். உடம்பு முழுக்கத் தகடு தகடாகக் கல் மாதிரித் தோல், வாய் தலைக்கு அடியில் வட்டமாக, செட்டை முள்ளில் வலை நூல் சுற்றி இறுகிப்போய் இருந்தது. வலையை அறுத்துத்தான் எடுத்தாராம். பிள்ளைகள் போனில் படங்களைத் தேடிப் பார்த்து, வீட்டு மீன்தொட்டியில் பாசி தின்ன விடும் 'டாங்க் கிளீனர்' என்று சொன்னார்கள். யாரோ தொட்டியில் வளர்த்துவிட்டுக் குளத்தில் ஊற்றியிருக்க வேண்டும். போகும்போது ஐயா இன்னொன்றும் சொன்னார்: சின்ன வயதில் துருசடிக் (மதகடிக்) கல்லுக்குள் கைவிட்டுத் தடவிப் பிடித்த ஒரு குட்டி மீனைப் பத்து வருஷமாகக் காணவில்லையாம். அதன் பெயரை அவர் ஒருமாதிரிச் சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை. புதிதாக வந்ததும் எங்கும் பதிவில் இல்லை, இல்லாமல் போனதும் பதிவில் இல்லை. அது என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

லப்டொப்பில் செருகி டி.என்.ஏ வாசிக்கும் சின்னக் கருவி, மினயன், இருப்பதாக வாசித்தேன். குளத்துத் தண்ணீரை வடித்தே அதற்குள் என்ன மீன் இருக்கிறது என்று சொல்லலாமாம். கேள்வி இதுதான்: இது எங்கள் பக்கம் சரிவருமா? கரண்ட் நினைத்த நேரம் போகும், பங்குனி சித்திரையில் விஞ்ஞான கூடம் அடுப்பு மாதிரி. பிள்ளைகளை வைத்துச் செய்யலாமா? காசை இதில் போடலாமா?

வடிதாள்:

ரீச்சர், நான் மாங்குளம். இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஏரித் தண்ணீரில் டி.என்.ஏ தேடும் வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருவி. ஒக்ஸ்போர்ட் நானோபோர் கொம்பனியின் மினயன் கிட்டத்தட்ட 100 கிராம், சட்டைப் பையில் வைக்கலாம். உள்ளே ஒரு மென்சவ்வில் நுண்ணிய புரதத் துளைகள், அவற்றினூடாக மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும். டி.என்.ஏ இழை துளைக்குள் நுழைந்து நகரும்போது அந்த ஓட்டம் எழுத்துக்கு எழுத்து ஏறி இறங்கும். கணினி அந்த ஏற்ற இறக்கத்தை வாசித்து எழுத்தாக்கும். 2014 இல் முதல் பாவனையாளர்கள் கைக்குப் போனது, 2015 இல் கினி நாட்டில் எபோலாக் கிருமியை அங்கேயே வைத்து வாசித்தார்கள், 2016 இல் விண்வெளி நிலையத்தில் கேட் ரூபின்ஸ் இதை ஓட்டினார். 2017 இல் ஆரன் பொமரான்ட்ஸும் கூட்டாளிகளும் எக்குவடோரின் சோக்கோ மழைக்காட்டுக்கு ஒரு சின்ன ஆய்வுகூடத்தையே மூட்டை கட்டிக்கொண்டுபோய், அங்கு பிடித்த ஊர்வன, தவளைகளின் டி.என்.ஏயை அங்கேயே வாசித்தார்கள். ஆகவே வன்னியில் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கருவி எழுத்தைத்தான் வாசிக்கும். இது இன்ன மீன் என்று பெயர் வேண்டுமென்றால், அந்த எழுத்தை ஏற்கனவே பெயர் தெரிந்த மீனின் எழுத்தோடு ஒப்பிட வேண்டும். 2003 இல் கனடாவில் போல் ஹெபேர்ட் முன்வைத்த யோசனை இது: விலங்குகளில் சீ.ஓ.ஐ என்ற மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துத் துண்டு ஒன்றை எல்லா இனத்துக்கும் வாசித்து, ஒரு பொது அகராதியாக வைப்பது. தண்ணீரில் மீன் தேடும்போது பெரும்பாலும் 12எஸ் என்ற வேறொரு மரபணுவில் 170 எழுத்தளவு துண்டு பாவிக்கிறோம், ஏனென்றால் தண்ணீரில் கிடக்கும் டி.என்.ஏ வெயிலிலும் சூட்டிலும் சிதறிச் சின்னச் சின்னத் துண்டாகத்தான் மிஞ்சும். எங்கள் பக்கத்து மீன்களுக்கு இந்த அகராதியில் ஓட்டை கனக்க. ஒரு உதாரணம். இலங்கையில் உள்ள குட்டை விரால் இனத்தைப் பல காலம் சன்னா கச்சுவா என்றே எழுதிவந்தார்கள். 2020 இல்தான் அது சன்னா கெலார்ட்டி என்ற தனி இனம் என்று இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து நிறுவினார்கள். பழைய பெயரோடு பொதுத் தரவுத்தளத்தில் ஏறியவை எல்லாம் திருத்தப்பட்டிருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. நீங்கள் கருவியை ஓட்டி, தளம் கொடுத்த பெயரை அப்படியே எழுதினால் பிழையைத்தான் பதிவீர்கள்.

அதனால் என் கருத்து, ஐயா பெயர் சொன்ன அந்தக் குட்டி மீனில் இருந்து தொடங்குங்கள். வலையில் வரும் ஒவ்வொரு இனத்திலும் இரண்டு மூன்று மீன், அடிமட்டம் பக்கத்தில் வைத்துப் படம், செட்டையில் நகத்துண்டு அளவு வெட்டி நல்ல எதனோலில், முழு மீனும் பழுதாகாமல் ஒரு பல்கலைக்கழகச் சேகரிப்பில், கூடவே ஊர்ப் பெயர். ஊர்ப் பெயரை விடவேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது, வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

தண்ணீர் எடுப்பது பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். நான் முதல் முதலாக வன்னிக் குளம் ஒன்றில் மாதிரி எடுத்தபோது, வெறுமையாக ஒப்பிட வைத்த போத்தலிலும் சூடைமீன் வந்தது. அந்தப் போத்தலில் இருந்தது மூடியோடு கொண்டுபோய் மூடியோடு கொண்டுவந்த சுத்தமான தண்ணீர். குளத்தில் கடல் மீன் எப்படி? இரண்டு கிழமை மண்டையை உடைத்துத்தான் விளங்கியது: ஐஸ் போட்டுக் கொண்டுபோன ரெஜிபோம் பெட்டி மீன் சந்தையில் இருந்து இரவல் வாங்கியது. நன்றாகத்தான் கழுவியிருந்தேன், போதவில்லை. அந்தப் பயணத்து மாதிரி முழுவதையும் எறிந்தேன். நல்லகாலம், வெறும் போத்தல் ஒன்று வைத்திருந்தேன், இல்லாவிட்டால் அதை உண்மை என்று எழுதியிருப்பேன். ஆகவே ஒவ்வொரு முறையும் வெறும் போத்தல், புதுக் கையுறை, குளோரின் கரைசலில் கழுவிய சாமான். பிள்ளைகள் இதைப் பழகினாலே பெரிய படிப்பு.

முத்தையன்கட்டுக்கரை:

ரீச்சர், நான் நன்னீர் மீனவர் சங்கத்தில் இருக்கிறேன், அப்பாவும் குளத்தில்தான் தொழில் செய்தவர். டி.என்.ஏ பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது, தண்ணீர் தெரியும்.

மேலே எழுதிய தம்பி சூடைமீன் பெட்டியால் வந்தது என்கிறார், சரி. ஆனால் பெட்டி இல்லாமலும் வரும். எங்கள் பக்கம் மீன் வியாபாரிகள் மோட்டார் சைக்கிளில் முல்லைத்தீவுக் கடல் மீனைக் கொண்டுவந்து வித்து முடித்துவிட்டு, பின்னேரம் பெட்டியைத் துருசடி வாய்க்காலில்தான் கழுவுகிறார்கள். செதிள், இரத்தம், எல்லாம் அங்கேதான். துருசடியில் மட்டும் தண்ணீர் எடுத்தால் பாரையும் சாளையும் எங்கள் குளத்தில் நீந்துகிறதாகக் காட்டும். நீர்க்காகமும் கொக்கும் ஒரு குளத்தில் தின்று இன்னொரு குளத்து மருதமரத்தில் இருந்து எச்சம் போடும், அதையும் யோசியுங்கள். நாலு இடத்தில் எடுங்கள்: துருசடி, புல் அடர்ந்த அலைகரை, நடு ஆழம், பிறகு ஆற்றுத் தண்ணீர் வந்து விழும் மேல்பக்கம். விரால் குஞ்சு காட்டுவது புல்லுக்குள், சுங்கான் சேற்றில், ஆரல் கல்லிடுக்கில். நடுக்குளத்தில் ஒரு போத்தல் அள்ளிவிட்டு ஆரல் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

திலாப்பியா கட்டாயம் வரும், அது 1952 இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து விட்ட மீன், இப்போது எங்கள் சோறே அதில்தான். அரசாங்கத்தின் நீருயிரினச் செய்கை அதிகாரசபை கட்லா, ரோகு குஞ்சுகளும் நன்னீர் இறாலும் குளங்களில் விடுகிறது. எந்தக் குளத்தில் எப்போது எவ்வளவு விட்டது என்று சங்கத்தின் கொப்பியில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு உங்கள் முடிவோடு ஒப்பிடுங்கள்.

ஒரு மனக்கிடக்கையையும் சொல்லவேண்டும். ஆய்வு என்று வருபவர்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவார்கள், பிறகு என்ன கண்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் இந்தப் பகுதியில் வலை போடாதே என்று கடிதம் வரும். போகமுதல் சங்கத்தில் கதையுங்கள், முடிவு வந்ததும் முதலில் எங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்தத் தகட்டு மீன் எங்கள் எதிரி, அது எந்தெந்தக் குளத்தில் ஏறிவிட்டது என்று தெரிந்தால் நாங்களே ஆள் சேர்த்து இறங்குவோம்.

கடைசியாக ஒரு கேள்வி, தம்பியிடம்: தண்ணீரைப் பார்த்து எத்தனை மீன் என்று சொல்லலாமா?

வடிதாள்:

அண்ணை, எண்ணிக்கை சொல்ல முடியாது. பெரிய மீனா குஞ்சா, உயிரோடு இருக்கிறதா செத்து மிதக்கிறதா என்றும் தெரியாது. இருக்கிறது என்று சொல்வதில்தான் பலம். 2008 இல் பிரான்ஸில் குட்டைத் தண்ணீரை வைத்து அமெரிக்கப் பெருந்தவளை புகுந்த இடங்களைக் கண்டார்கள், இந்த வேலை பெரிதாக எடுபட்டதே அதற்குப் பிறகுதான். உங்கள் தகட்டு மீனுக்கு இது பொருத்தமான வழி, வலையில் படுவதற்கு முன்னரே தெரியவர வாய்ப்பு உண்டு. துருசடி மீன் பெட்டி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

செட்டிகுளம்_லாப்:

நான் ஆய்வுகூடத் தொழினுட்ப உதவியாளர், மினயனைக் கையால் ஓட்டியிருக்கிறேன். காசு விஷயத்தை நேரடியாகச் சொல்கிறேன்: கருவியை வாங்கவேண்டாம், இப்போதைக்கு.

கருவி மலிவு, அதற்குள் போடும் ஃப்ளோசெல், அதாவது அந்தத் துளைகள் உள்ள தகடுதான் செலவு, ஒன்று பல நூறு டொலர். அது பிரிட்ஜில் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும், அப்படி இருந்தாலும் சில மாதம்தான் தாங்கும், துளைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே இருக்கும். சுங்கத்தில் இரண்டு கிழமை வெக்கைக்குள் கிடந்தால் நீங்கள் பெட்டியைத் திறக்கும்போதே பாதி போயிருக்கும். நொதியங்கள் −20 பாகை கேட்கும், உறைகுளிர்ப் பெட்டி வேண்டும், கரண்ட் போனால் மாற்று வேண்டும். அதற்கு முன்னால் பி.சி.ஆர் செய்ய, அதாவது வேண்டிய டி.என்.ஏ துண்டைப் பல மடங்காகப் பெருக்க, வேறொரு கருவி. பிறகு வாசித்த மின் சைகையை எழுத்தாக்க நல்ல கிராபிக்ஸ் அட்டை உள்ள லப்டொப், சாதாரண லப்டொப்பில் போட்டால் நாள்கணக்கில் விசிறி அலறிக்கொண்டு நிற்கும்.

ஃப்ளோசெல்லில் மாதிரி விடுவதை நேரில் பார்த்தால்தான் விளங்கும். நிதானமாகத் துளித் துளியாக, மூச்சை அடக்கிக்கொண்டு. ஒரு காற்றுக் குமிழி சவ்வுக்கு மேல் போனால் போன இடமெல்லாம் துளை செத்துவிடும். என் முதல் ஃப்ளோசெல் அப்படித்தான் போனது. திரையில் பச்சையாக இருந்த கட்டங்கள் ஒரு நொடியில் கறுத்துக்கொண்டு போனதை இன்னும் மறக்கவில்லை. அடுத்த ஒரு மாதம் வெறும் தண்ணீரைப் பழைய ஃப்ளோசெல்லில் விட்டுப் பழகினேன்.

நல்ல பக்கமும் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் கனக்கப் பிழை விட்ட கருவி, இப்போதைய ஆர்10.4.1 ஃப்ளோசெல்லில் ஒரு வாசிப்பு 99 சதவீதமளவு சரி. 170 எழுத்தில் ஒன்றிரண்டு பிழை இருக்கலாம், கிட்டிய இரண்டு இனத்துக்கும் இடையில் வித்தியாசமே அந்தளவுதான் என்றால் சிக்கல், ஆனால் ஒரே துண்டை நூறு தரம் வாசித்து ஒன்றாக அடுக்கினால் பிழை கரைந்துவிடும். ஃப்ளோசெல்லைக் கழுவித் திரும்பவும் பாவிக்கலாம். ஃப்ளாங்கில் என்ற சின்ன வகையும் உண்டு, டி.என்.ஏ வாசிக்கும் வழிகள் 512 க்குப் பதிலாக 126, விலையும் அதற்கேற்ற மாதிரிக் குறைவு, பள்ளிக்கூட அளவு வேலைக்கு அது தாராளம். ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் அடையாளத் துண்டு ஒட்டிவிட்டால் எல்லா மாதிரியையும் ஒரே ஓட்டத்தில் கலந்து வாசித்துப் பிரிக்கலாம். சிங்கப்பூரில் ருடோல்ஃப் மையர் குழு இப்படி ஒரு ஃப்ளோசெல்லில் ஆயிரக்கணக்கான பூச்சிகளின் துண்டுகளை வாசித்திருக்கிறார்கள். தனியே உங்கள் பாடசாலை வாங்கினால் நட்டம். பத்துக் குளத்து மாதிரியைச் சேர்த்துப் பல்கலைக்கழகம் ஒன்றோடு வருஷத்துக்கு இரண்டு ஓட்டம் ஓட்டினால் கட்டும். பழைய மாணவர்களின் காசை வடிதாள், கைப்பம்பு, போத்தல், கையுறை, அந்த இரண்டு ஓட்டம் ஆகியவற்றுக்குப் பிரியுங்கள். மிச்சத்தில் நுணுக்குக்காட்டி.

காட்டோரம்:

குளத்தோடு நிற்கவேண்டாம் ரீச்சர். ஆடி ஆவணியில் குளம் வற்றி நடுவில் மடுவாகும்போது காட்டில் உள்ளதெல்லாம் அங்கேதான் தண்ணீர் குடிக்க வரும். மரை, மான், கரடி, நீர்நாய், கொடுப்புலி, அதிர்ஷ்டம் இருந்தால் அழுங்கு. குடிக்கும்போது எச்சிலும் உரோமமும் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் போகும். வெயில் ஏறினால் அழிந்துவிடும், அதனால் விடிய வெளிக்கும்போதே எடுக்கவேண்டும். ஆனால் யானை கரையேறிப் போய்விட்டதா என்று பார்த்த பிறகு. பாலூட்டிக்கு வேறு முதன்மைத் துண்டு (பி.சி.ஆரில் எதைப் பெருக்குவது என்று காட்டும் பிரைமர்) பாவிக்கவேண்டும், மீனுக்குரியது காட்டாது. மாரியில் காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடையின் வாயில் எடுத்தால், நாங்கள் போகமுடியாத காட்டின் சேதியையும் தண்ணீர் கொண்டுவரும். இங்கே அது சின்ன விஷயம் இல்லை. மிதிவெடிப் பலகை நிற்கும் இடத்துக்குள் ஒரு பிள்ளையின் காலும் படக்கூடாது, எந்த மீனுக்காகவும் எந்த அழுங்குக்காகவும்.

அனுமதி கட்டாயம். காடு என்றால் வனத் திணைக்களம், காட்டுயிர் என்றால் வனசீவராசிகள் திணைக்களம். மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு வேறு அனுமதி வேண்டும், அதனால்தான் உள்ளூரில் வாசிப்பது பெரிய விஷயம். பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் விண்ணப்பித்தால் சுலபம்.

இன்னொன்று. அழுங்கின் டி.என்.ஏ வந்தால் சந்தோஷத்தில் குளத்துப் பெயரோடு முகநூலில் போட்டுவிடாதீர்கள். செதிளுக்காக அதைத் தேடுகிறவர்கள் நீங்கள் போட்ட அன்றே வாசிப்பார்கள். இடம் எழுதாமல் மாவட்டம் மட்டும் எழுதுங்கள்.

ஒட்டுசுட்டான்_ரீச்சர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய மாணவர்களுக்கு நேற்றிரவே எழுதிவிட்டேன், கருவி இல்லை, சாமானும் வாசிப்புச் செலவும் என்று. முதலில் கொஞ்சம் ஏமாற்றம், பிறகு விளங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் மீன்களின் ஊர்ப் பெயர்க் கொப்பி தொடங்கிவிட்டார்கள், இரண்டு நாளில் 19 பெயர். அதில் மூன்று பெயர் ஒரே மீனுக்கு என்று ஒரு அம்மம்மா சொல்கிறா, இன்னொருவர் இல்லை என்கிறார், அதற்காகவே மீனைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். துருசடி ஐயா சொன்ன பெயரையும் திரும்பக் கேட்டு ஒலிப்பதிவு செய்துவிட்டோம்.

ஒரு சந்தேகம். எங்கள் தண்ணீர் கலங்கல், பாசியும் கனக்க. ஒரு லீற்றர் வடிக்க முடியுமா? நேற்றுப் பழகிப் பார்த்தோம், கால் லீற்றரோடு வடிதாள் அடைத்துவிட்டது.

வடிதாள்:

அடைக்கத்தான் செய்யும் ரீச்சர், வன்னிக் குளத்துக்கு அது வழமை. 0.45 மைக்ரோன் வடிதாளை விட்டுவிட்டு 5 மைக்ரோன் அளவில் பெரிய துளை உள்ளதைப் பாருங்கள், மீனின் டி.என்.ஏயில் நல்ல பங்கு கலத்தோடும் துகளோடும் ஒட்டித்தான் கிடக்கும். அப்படியும் அடைத்தால் ஒரே இடத்துக்கு மூன்று நாலு வடிதாள் போட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிலீற்றர் போனது என்று எழுதுங்கள். அடைத்தது என்று சொல்லி அமுக்கிப் பம்பு அடிக்கவேண்டாம், தாள் கிழிந்துவிடும். வடித்த தாளை உடனே காப்புக் கரைசலில் போட்டால் சாதாரண அறைச் சூட்டில் சில கிழமை தாங்கும், பிரிட்ஜ் பற்றிய கவலை இல்லை. வெறும் போத்தல் மறக்கவேண்டாம்.

முத்தையன்கட்டுக்கரை:

ரீச்சர், உங்கள் பக்கத்துச் சங்கத் தலைவரோடு கதைத்துவிட்டேன், அவருக்குச் சம்மதம். ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கட்டடிக்கு வாருங்கள், வள்ளத்தில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது, மற்றப் பிள்ளைகள் அலைகரையில் எடுக்கட்டும். சின்னப் பிள்ளைகளைத் தண்ணீருக்குள் இறக்கவேண்டாம், மேல்பக்கத்தில் முதலை கிடக்கிறது. ஐஸ் பெட்டி புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள், என்னுடையதை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன்.